அத்தை உட்காராத நாட்கள்

என் அத்தை ஒரு ஆடி மாதத்தில் பதினைந்து நாள் உட்காராமல் இருந்தாள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் இதை வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு விதமாகப் பேசினார்கள், பிறகு வேறு விதமாகப் பேசினார்கள். இரண்டுமே தப்பு. சரியான காரணம் அத்தைக்குத் தெரியும், அவளை விட்டால் எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்கவும் செய்தார்கள். நான் சொல்லவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். தாத்தா காலமான பிறகு அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எனக்கு ஒன்பது. நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதுதான் எங்கள் இருவருக்கும் சாயங்கால வேலை. இருபத்து மூன்று வயதில் கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால் அந்தக் காலத்தில் விருந்தாளிகள் வந்ததும் முதலில் விசாரிப்பது அதைத்தான். அத்தை அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து முறிந்திருந்தது. அத்தையின் கழுத்தில் இருந்த தேமலைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை. எங்கள் ஊரின் விசித்திரத்தை இங்கே சொல்ல வேண்டும். சொறி, சிரங்கு, கட்டி என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் எங்கள் கோயிலுக்கு வந்து புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு நாங்கள் மோர் கொடுப்போம், வழி சொல்வோம். ஆனால் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் உடம்பில் ஒரு புள்ளி தெரிந்துவிட்டால், சர்ப்ப தோஷம் அது இது என்று நாங்களே பேச்சைக் கிளப்பிவிடுவோம். அந்தத் தேமல் இரண்டே மாதத்தில் மறைந்தது. பேச்சு மறையவில்லை.

அந்த ஆனி மாதக் கடைசியில் திருவேங்கடத்துப் பக்கம் ஒரு சம்பந்தம் மறுபடியும் கூடி வந்தது. மாப்பிள்ளை ஆரம்பப் பள்ளி வாத்தியார். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வரும்போது பெண்ணையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அப்பா இதைச் சொன்ன அன்று அத்தை வெந்நீரில் கஸ்தூரி மஞ்சள் போட்டுக் குளித்தாள். அவள் மெதுவாகப் பாடியதையும் கேட்டேன். அவள் பாடி நான் கேட்டது அதற்கு முன்பு இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் கட்டி வந்துவிட்டது.

முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், வெளியே சொல்ல முடியாத இடத்தில் வந்தது. நான் அத்தையின் பாயில்தான் படுப்பேன். விடியற்காலையில் என்னை எழுப்பி, கொல்லைப்புறக் கதவைச் சாத்திவிட்டு, சேலையைத் தளர்த்தி, “அங்கன என்ன இருக்குன்னு பாருட்டி” என்றாள். நெல்லிக்காய் அளவில் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் கொதித்தது.

“கட்டி அத்தே” என்றேன்.

“மெதுவாப் பேசு.” என் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்தாள். “உங்க அம்மாட்ட சொல்லக்கூடாது. உங்க அப்பாட்ட சொல்லக்கூடாது. யார் கேட்டாலும் அத்தைக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லணும். அம்பாள் மேல ஆணையாச் சொல்லு.”

சொன்னேன். பெரியவள் ஒருத்தி என்னிடம் கெஞ்சியது எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு டம்ளர் பால்கூடக் கொடுத்தனுப்பியதில்லை.

அன்று முதல் நான்தான் வைத்தியர். கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வருவேன். கேட்பவர்களுக்கு, என் காலில் சிரங்கு என்று ஒரு பொய். மண்ணை நீரில் குழைத்து விடியற்காலையில் அவளுக்குப் பூசுவேன். அவளால் பார்க்க முடியாத இடம் என்பதால், “இன்னைக்குக் குறைஞ்சிருக்காட்டி?” என்று கேட்பாள். நான் குறைந்திருக்கிறது என்பேன். முதல் நாள் உண்மையாகவே எனக்கு அப்படித் தோன்றியது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். நெல்லிக்காய் எலுமிச்சங்காய் ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே இருந்தவர் ஆண் டாக்டர். அதோடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பத்து வீட்டுக்காரர்கள் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். அத்தை போகமாட்டாள் என்பதை நான் அவளிடம் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

உட்கார முடியாதவள் ஒரு வீட்டில் எப்படி வேலை செய்வாள்? அத்தை செய்தாள். ஆட்டுரல் பக்கம் போகாமல், தண்ணீர் இறைப்பது, துணி உலர்த்துவது, உலக்கை போடுவது என்று நின்றபடி செய்யும் வேலைகளையெல்லாம் தானே எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “கல்யாணப் பேச்சு வந்ததும் மாவாட்டக் கை வலிக்கி போல” என்று பாத்திரங்களிடம் சொன்னாள். சாப்பிடும்போது அத்தை அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். இரவில் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்துக்கொள்வாள்.

கொடியேற்றத்தன்று அடுத்த வீட்டுப் பெரியம்மை வந்தாள். ஊர்ச் செய்திகளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் தபால்காரர் அவளிடம் தோற்றுப்போவார். அத்தை நின்றுகொண்டு சாப்பிடுவதை அவள் பார்த்துவிட்டாள்.

“இவ என்னளா நின்னுக்கிட்டே தின்னுதா? நானும் நாலஞ்சு நாளாப் பாக்கேன், இவ குத்தவச்சதையே காங்கலியே?”

அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை சோம்பல் என்று நினைத்திருந்த அம்மாவின் கண்ணில் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. அத்தை வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, வாய் முந்திக்கொண்டது.

“அத்தை நேந்திருக்கா. அம்பாள் ஒத்தக்கால்ல தவம் நிக்காள்லா, அதனால தபசுக் காட்சி முடியுத வரைக்கும் அத்தையும் உக்கார மாட்டா.”

எங்கள் ஊரில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் ஆடிச்சுற்று என்று ஒன்று உண்டு. தவம் நிற்கிற அம்பாளின் கால்வலியில் கொஞ்சம் நாம் வாங்கிக்கொள்வதாக நினைத்து, நூற்றெட்டு, ஐந்நூறு என்று நேர்ந்துகொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பொய் சொல்வதில் கஷ்டமே இல்லை. கேட்டவர்களுக்கும் நம்புவதில் கஷ்டமில்லை. பெரியம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மாவின் முகத்தில் இருந்த சந்தேகம் அப்படியே வெட்கமாக மாறியது.

“இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேனே” என்றாள் அத்தையிடம்.

தனியே வந்ததும் அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு கிள்ளிய இடத்தைத் தடவிவிட்டு, “போடி, நீ சொன்னதும் ஒரு வழிக்கு நல்லதுதான்” என்றாள். அது எந்த வழிக்கும் நல்லதில்லை. நான் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அம்மா இரண்டொரு நாளில் கண்டுபிடித்திருப்பாள். மருத்துவச்சியை வரவழைத்துக் கட்டியைக் கீறி விட்டிருப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா வருவதற்குள் புண் ஆறியிருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

பெரியம்மை தன் வேலையைச் சரியாகச் செய்தாள். அடுத்த நாள் காலையில் நாலு வீட்டுப் பெண்கள் வந்து அத்தைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் தெரியாத முகங்கள் வந்தன. ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து அத்தை காலடியில் கிடத்தினாள். கழுத்தைப் பார்த்துப் பேசியவர்கள் எல்லாம் இப்போது காலைப் பார்த்துப் பேசினார்கள். அம்மா அவளை வேலை செய்ய விடவில்லை. மோர் கலக்கிக் கொடுத்தாள், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட வந்தாள். அத்தை பதறிப்போய்ப் பின்வாங்கினாள்.

“நீங்க தொடக்கூடாது மயினி.”

அதையும் விரதம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

விரதம் என்று ஆன பிறகு ஆடிச்சுற்றுக்கும் போயாக வேண்டியதாயிற்று. நானும் கூடவே போனேன். நடக்கும்போது வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது என்று முதலில் சொன்னாள். கொடி ஏறி ஆறாம் நாள் அதைச் சொல்லவில்லை. ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. அவள் கை என் கைக்குள் அனலாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் நடந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அருள் இறங்கியிருக்கு” என்று ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும், இத்தனை பேர் கும்பிடுகிற ஒரு விரதத்தை உண்டாக்கியது நான்தான் என்ற கர்வமும் இருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

பத்தாம் நாள் விடியற்காலையில் மண்ணைப் பூசப் போனபோது கட்டியின் நடுவில் மஞ்சளாகக் கண் வைத்திருந்தது. மண் ஒட்டவே இல்லை. மினுமினுவென்று இருந்த அந்தத் தோலைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

“அம்மாட்ட சொல்லிருவோமா அத்தே?” என்றேன்.

“இன்னும் ஒரு நாளுட்டி மக்கா. மாப்பிள்ளையோட அம்மா வந்து பாத்துட்டுப் போயிரட்டும். அப்புறம் நானே சொல்லுதேன்.”

தபசன்று தெற்கு ரத வீதியில் கூட்டம் நெரிந்தது. கரிசல்காட்டு ஜனங்கள் சாமிமேல் வீசுவதற்காகப் பருத்தியையும் மிளகாய் வத்தலையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, சாமி காட்சி கொடுக்கிற நேரத்துக்குக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மத்தியானமே வந்துவிட்டாள். கனத்த சரீரம், அழுத்தமான குரல், ஆனால் கெட்டவள் இல்லை. வந்த இடத்தில் விரதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். வீதியில் அத்தையின் பக்கத்திலேயே நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு காட்சி பார்த்தாள். மாலை மங்குகிற நேரத்தில் காட்சி கிடைத்து, பருத்தியும் வத்தலும் எங்கள் தலைக்கு மேலே பறந்தபோது, அவள் அத்தையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சல் முகத்தில் அந்தச் சிரிப்பு அவ்வளவு அழகாக இருந்தது. காரியம் ஜெயித்துவிட்டது என்று நானும் சிரித்தேன்.

தவம் முடிந்தது, இனி உட்கார வேண்டும் என்பதை அத்தையும் நானும் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பெரியம்மை கூடத்தில் கோலம் போட்டு மணை போட்டு வைத்திருந்தாள். ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. விரதம் முடிக்கிறவளை நாலு சுமங்கலிகள் சேர்ந்து உட்கார வைக்க வேண்டும் என்று அவளாகவே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்திருந்தாள். அத்தை, “இருக்கட்டும், கொஞ்சம் பொறுத்து உக்காருதேன்” என்றாள். கூச்சப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு தோளைப் பிடித்தாள், பெரியம்மை இன்னொரு தோளைப் பிடித்தாள். கனத்த கைகள். பாசத்தோடு அழுத்தி உட்கார வைத்தார்கள்.

அத்தை சத்தம் போடவில்லை. கண் மட்டும் அகல விரிந்தது. ஆரத்தி மூன்று சுற்றுச் சுற்றி முடிகிற வரையில் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைப்பக்கம் திரும்பினாள். சேலையின் பின்புறம் ரத்தமாக இருந்தது. மணையிலும் இருந்தது.

அத்தை திரும்பிப் பார்த்தாள், எல்லோர் கண்ணும் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா தன் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். “இந்த உடம்போடயா அம்பாள் முன்னால நின்னா? நானும் தொட்டுக்கிட்டுல்லா நின்னேன்” என்றாள். அவள் உண்மையிலேயே பயந்துபோயிருந்தாள்.

அவள் நினைத்தது மாதவிலக்கு என்று. அந்த மூன்று நாள் பெண்கள் வாசலைத் தாண்டிக் கோயில் இருக்கிற திசைக்கே போகமாட்டார்கள். அந்த நிலையில் தபசன்று சாமி முன்னால் போய் நின்றவளை எந்த வீடு மருமகளாக எடுக்கும்? இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. அம்மா மாதா மாதம் பின்கட்டில் தனியாக இருப்பாள். காக்காய் தொட்டுவிட்டது என்பார்கள். நானும் காக்காயை நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது.

அம்மா கதவைத் தட்டினாள். அத்தை திறக்கவில்லை. அம்மாவுக்கு அத்தையின் நாள் தெரியும். இது அது இல்லை என்பதும் தெரியும். “அக்கா, அவ பின்கட்டை விட்டு வந்து இருபது நாள்கூட ஆகலை. இது வேற என்னமோ. கட்டி கிட்டி ஏதோ உடைஞ்சிருக்கணும்” என்று அந்த அம்மாளிடம் சொன்னாள்.

“கட்டின்னா வீட்டுல ஒருத்தருக்குமா தெரியாது?”

“இந்தப் பிள்ளை அவகூடத்தான் படுக்கும். இவளுக்குத் தெரியும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் நின்று பார்த்தாள். “சரி, பிள்ளை பொய் சொல்லாது. கேளுங்க” என்றாள்.

அம்மா என் முன்னால் மண்டியிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். “மக்கா, பயப்படாமச் சொல்லு. அத்தைக்கு உடம்புல கட்டி இருந்துச்சா?”

எதை மறைக்கத்தான் அத்தை இத்தனை நாள் தலையணையைக் கடித்தாளோ, அதைத்தான் இவர்கள் கேட்கிறார்கள். கண்டுபிடித்துவிட்டால் அவ்வளவுதான், மாப்பிள்ளை வீட்டார் போய்விடுவார்கள்.

“இல்லை” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுளா. ஒரு சின்னக் கட்டி? புண்ணு?” அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. ஆம் என்று சொல்லு, சொல்லு என்று அவள் கண் கெஞ்சியது. நான் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

“அத்தைக்கு ஒண்ணும் இல்லை. அம்பாள் சத்தியமா ஒண்ணும் இல்லை” என்று, கதவுக்கு அந்தப் பக்கம் அத்தைக்கும் கேட்கட்டும் என்று, உரக்கச் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பெரியம்மை மணையைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அவள் பின்னாலேயே போனாள். எங்கே போகிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் எங்கள் வாசலில் யாரோ சாணித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

அவர்கள் போன பிறகுதான் அத்தை கதவைத் திறந்தாள். அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். மருத்துவச்சி வந்தாள், கீறினாள், வெந்நீரும் துணியுமாக வெகுநேரம் கழுவினாள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆளே இல்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா திருவேங்கடத்துக்கு நேரில் போய் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். பிள்ளையே சத்தியம் பண்ணியதே என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அத்தைக்குச் சம்பந்தம் எதுவும் வரவில்லை. என் கல்யாணத்தையும் என் பிள்ளைகளின் கல்யாணத்தையும் அவள்தான் அடுப்படியில் நின்று நடத்தினாள். அந்தப் புண் வருஷத்துக்கு ஒரு தடவை கசியும். அவள் தானாகவே துணி வைத்துக்கொள்வாள், என்னைக் கூப்பிட மாட்டாள்.

ஆனால் அந்தச் சாயங்காலத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. மருத்துவச்சி கை கழுவப் போன நேரம் பார்த்து நான் அறைக்குள் நுழைந்தேன். அத்தை குப்புறப் படுத்திருந்தாள். அவள் காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அத்தே, நான் சொல்லவே இல்லை. அம்மா ரெண்டு தடவை கேட்டும் சொல்லலை” என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் தலையைத் தடவினாள்.

“கேட்டுச்சுட்டி” என்றாள்.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கிக்கொண்டே இருந்தது. “ரொம்ப வலிக்கா அத்தே?” என்று கேட்டேன்.

“இல்ல மக்கா. இப்ப வலி இல்ல.”

வலி போய்விட்டது, நானும் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், பின்னே எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா கூப்பிட்டாள். பசி வேறு. அத்தை என்னை மெச்சிக்கொண்டாள் என்ற சந்தோஷத்தோடு எழுந்து சாப்பிடப் போனேன்.